கேஸ் அடிக்கும் திருடர்கள்

இப்போது உள்ளவர்களுக்கு வாயில் எதுவும் நிற்பதில்லை. இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் பிரான்ஸ் போகிற கப்பலுக்காக வரிசையில் நிற்கிறோம். ஜனவரி மாதக் குளிர். எங்களுக்கு முன்னால் நின்ற கேரவன் வண்டியிலிருந்து ஒருத்தன் அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்தான். பெயர் டெரெக் என்றான். நான் கேட்கவில்லை. எண்பத்தெட்டு நாள் ஸ்பெயினில் இருப்பானாம், தொண்ணூறுக்கு மேல் இருக்க விடமாட்டார்களாம். வீடு பூட்டிக் கிடக்கிறதாம். சாவி பின்கட்டில் பூந்தொட்டிக்குக் கீழே இருக்கிறதாம். அவன் பெண்டாட்டி கைபேசியை நீட்டி வண்டியையும் கடலையும் படம் எடுத்து, வீட்டில் ஆள் இல்லை என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எந்தப் பக்கம் பெரியவரே?" என்று கேட்டான்.

"அந்தப் பக்கம்" என்று கடலைக் காட்டினேன்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. எங்கள் வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "பிரான்ஸ்ல ரோட்டோரம் படுத்துடாதீங்க. கேஸ் அடிச்சிடுவானுங்க."

"என்ன கேஸ்?"

"மயக்க கேஸ். உங்க கூரையில காத்துத் துளை இருக்குல்ல, அது வழியா குழாயை விட்டு அடிப்பானுங்க. நீங்க கட்டை மாதிரி கிடப்பீங்க. எழுந்து பாத்தா பர்ஸ் இல்ல, டிவி இல்ல. என் மச்சானோட பக்கத்து வீட்டுக்காரர் பொண்டாட்டிக்கு விரல்ல இருந்த கல்யாண மோதிரமே போச்சு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல."

"விரல்லேருந்து கழட்டுறது தெரியாமலா?"

"அதான் சொல்றேனே. கேஸ்."

எங்கள் வண்டிக்குள்ளிருந்து என் மனைவி ஹேசல் சிரித்தாள். "மோதிரத்த அந்தம்மாவே வித்துத் தின்னுருப்பா. புருஷன்கிட்ட சொல்ல ஒரு கதை வேணும்ல." சிரித்து முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. சிரித்தால் வரும். இருமல் அடங்கும்வரை நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டெரெக் கப்பலைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் பார்த்தான்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் கெட்ட சேதி சொல்கிறவனை மட்டும் உடனே நம்பிவிடுவேன். என் குணம் அது.

என் பெயர் நார்மன். ஸ்கன்தார்ப் என்ற ஊரில் முப்பத்தொன்பது வருஷம் குப்பை லாரி ஓட்டினவன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் அதற்காக அழவில்லை. குப்பை லாரியில் போனால் மனிதர்களைத் தெரிந்துகொள்ளலாம். வாசலில் நின்று குட்மார்னிங் சொல்கிறவன் பைக்குள் எதைச் சுற்றி மறைத்துப் போடுகிறான் என்று எனக்குத் தெரியும். ஹேசல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவளுக்கு நுரையீரல் போய்க்கொண்டிருந்தது. கடைசி இரண்டு குளிர்காலமும் ஆஸ்பத்திரியில்தான் கழிந்தது. போன செப்டம்பரில் அங்கே இருந்த நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இன்னொரு குளிர்காலம் இந்த ஈரத்துல வேணாம். முடிஞ்சா வெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்த வண்டி. பத்தொன்பது வருஷப் பழையது. படுக்கை, அடுப்பு, கேஸில் எரிகிற ஹீட்டர், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. ஸ்பெயினில் அல்மேரியாவுக்குப் பக்கத்தில் எங்களைப் போன்ற வண்டிகள் நிற்கிற ஒரு திடலில் ஏப்ரல் வரைக்கும் இடம் பிடித்திருந்தோம். அங்கே ஜனவரியிலேயே கை இல்லாத சட்டையோடு வெளியே உட்காரலாம் என்று போனவர்கள் சொன்னார்கள். அவளை அங்கே கொண்டுபோய் வெயிலில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதற்கு முன்னால் இடையில் பிரான்ஸ் என்று ஒரு முழு நாடு கிடந்தது.

பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கி, அன்று சாயங்காலம் முதல் ஊரில் நிறுத்தியதும் வேலையை ஆரம்பித்தேன். முன் கதவு இரண்டையும் வெளியிலிருந்து திறக்க முடியாதபடி உள்பக்கமாக ஒரு பெல்ட்டால் சேர்த்துக் கட்டினேன். அதை இந்த மாதிரி வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வார்கள். பிறகு கூரையில் இருந்த இரண்டு காற்றுத் துளைகளிலும் ஸ்பெயின் கடற்கரைக்கென்று ஹேசல் வாங்கிய மஞ்சள் துண்டுகளைத் திணித்தேன். அடுப்புக்குக் கீழே தரையில் ஒரு துளை. அதில் என் பழைய கம்பளிச் சட்டையைச் சுருட்டி அடைத்தேன்.

"அந்தத் துளை எதுக்காவது வச்சிருப்பாங்கப்பா" என்றாள் ஹேசல்.

"குளிர் வர்றதுக்கு வச்சிருக்கான். இப்ப பாரு, எவ்ளோ கதகதப்பா இருக்கு."

உண்மையிலேயே கதகதப்பாகத்தான் இருந்தது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. வண்டியோடு வந்த எச்சரிக்கைப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. ரொட்டி சுட்டாலே கத்தும். போன கோடையிலேயே அதன் பேட்டரியைப் பிடுங்கி ரேடியோவில் போட்டிருந்தேன். ஹீட்டரை எரியவிட்டு, அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டே தூங்கினோம்.

காலையில் இரண்டு பேருக்கும் தலைவலி. பிரெஞ்சுக்காரன் கடையில் குடித்த காப்பிதான் காரணம் என்றேன். மறுநாள் லெ மான்ஸ் ஊரைத் தாண்டி நிறுத்தினோம். மறுபடியும் காலையில் தலைவலி. அன்று காப்பி குடிக்கவில்லை.

வண்டி ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடும். எங்கள் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம். பிரான்ஸில் ரோட்டிலும் வலப்பக்கமே போக வேண்டும். முன்னால் ஒரு லாரி போனால் எனக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். இடப்பக்க சீட்டில் இருக்கிற ஹேசல்தான் எட்டிப் பார்த்து, "இரு... இரு... வர்றான்... இப்ப போ, கண்ணு, போ" என்பாள். போவேன். ஐம்பத்தொரு வருஷமாக என் வாழ்க்கையில் நான் கேள்வி கேட்காமல் கேட்ட ஒரே குரல் அது. டோல்கேட்டிலும் டிக்கெட் வருகிற மெஷின் அவள் பக்கம்தான். அவள் குட்டைக் கை எட்டாது. அதனால் சமையலறை இடுக்கி ஒன்றை மடியிலேயே வைத்திருந்தாள். ஜன்னலை இறக்கி, பாதி உடம்பை வெளியே விட்டு, இடுக்கியால் டிக்கெட்டைக் கவ்வி எடுப்பாள். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் அந்த இடுக்கியை அவனுக்கு ஆட்டிக் காட்டுவாள்.

"டோல்கேட் வந்தாதான்ப்பா எனக்கு உசிரே வருது" என்றாள் மூன்றாம் நாள் காலையில். நான் சிரித்தேன். அந்தப் பேச்சை நான் பிறகு எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் புவாத்தியே என்ற ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. உறைபனி. ரோட்டோர மரமெல்லாம் உப்புப் பூத்ததுபோல நின்றது. ஹேசலுக்கு இருமல் நிற்கவில்லை. இன்ஹேலரை இரண்டு தடவை அடித்தாள், மூன்று தடவை அடித்தாள். உதடு நீலமாகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. முன்னால் போன லாரியைத் தாண்டலாமா என்று கேட்டேன். "தெரியலப்பா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கே ஒரு சின்ன ஊரில், ஆற்றோரம் ஊராட்சிக்காரர்கள் எங்களைப் போன்ற வண்டிகளுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் திருப்பி நிறுத்தினேன்.

அங்கே வேறு ஒரே ஒரு வண்டிதான் நின்றது. பிரெஞ்சு வண்டி. நான் எஞ்சினை அணைத்ததுமே அதன் கதவு திறந்து ஒரு கிழவன் இறங்கினான். கம்பளித் தொப்பி, நரைத்த பெரிய மீசை, பின்னாலேயே ஒரு பழுப்பு நாய். வணக்கம் சொல்லிவிட்டுப் போவான் என்று பார்த்தேன். எங்கள் வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தான். குனிந்து அடியில் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ சொன்னான். இரண்டு கையையும் மூடித் திறந்து காட்டினான். அவன் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவன் விரல் நீட்டிய இடம் மட்டும் தெரிந்தது. மஞ்சள் துண்டின் நுனி நீட்டிக்கொண்டிருந்த காற்றுத் துளை.

டெரெக் சொன்னது அப்படியே என் கண் முன்னால் நின்றது.

"போ. போ" என்று கையை வீசினேன்.

"அவரு ஏதோ சொல்ல வர்றாரு நார்மன்" என்றாள் ஹேசல்.

"எந்த வழியா நுழையலாம்னு பாக்குறான். அடைச்சிருக்கிறதப் பாத்ததும் ஆளுக்கு ஏமாத்தம்."

"நம்மகிட்ட திருட என்ன இருக்கு? என் மாத்திரை டப்பாவா? எடுத்துட்டுப் போகட்டும், அதுல பாதி மாத்திரை எதுக்குன்னு எனக்கே தெரியாது."

மூச்சு வாங்கிக்கொண்டே இதைச் சொன்னாள். நான் அவளைப் படுக்க வைத்தேன். ஹீட்டரை முழுதாகத் திருகினேன். அவள் நெஞ்சுக்கு ஆவி நல்லது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, தீயைச் சின்னதாக்கி விட்டேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. வெளியிலிருந்து யாரும் உள்ளே பார்க்க முடியாது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணினேன். இரண்டு குளிர்காலமாக எனக்கு அந்தப் பழக்கம். இருமல் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள். கன்னத்தில் நல்ல சிவப்பு வந்திருந்தது. சாம்பல் நிறமாகவே பார்த்துப் பழகிய முகம் அது. வெயில் ஊருக்குப் போகும் முன்பே வெயில் பட்ட மாதிரி இருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம். கடவுள் மேல் ஆணையாக, சந்தோஷப்பட்டேன்.

எனக்குத் தலை இடித்தது. மூன்றரை மணிக்குக் கழிப்பறையின் கழிவுப் பெட்டி நிரம்பிவிட்டதென்று விளக்கு எரிந்தது. அதை இழுத்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் கால் தடுமாறியது. வயசு என்று நினைத்தேன். கதவை வெளியே பூட்டிச் சாவியை உள்பைக்குள் போட்டேன். பிரெஞ்சுக்காரன் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கழிவு கொட்டுகிற இடம் திடலின் அந்தக் கோடியில் இருந்தது. குழாய் உறைந்து கிடந்தது. கையால் தேய்த்து, பெட்டியால் தட்டி, தண்ணீர் வர வெகு நேரமாயிற்று. அங்கே நின்றபோது தலைவலி தெளிந்தது. மூக்குக்குள் குளிர் ஏறியதும் நன்றாக இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தட், தட், தட். உலோகத்தில் அடிக்கிற சத்தம். நாய் குரைத்தது.

திரும்பிப் பார்த்தால், பனிமூட்டத்துக்குள் அந்தக் கிழவன் எங்கள் வண்டிக் கதவை இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருக்கிறான்.

எழுபத்துநாலு வயதில் நான் ஓடினேன். கையில் கழிவுப் பெட்டி. "டேய்" என்று கத்தினேன். அவன் விலகவில்லை. என்னைப் பார்த்ததும் என்னை நோக்கி வந்தான். "மதாம், மதாம்" என்று கதவைக் காட்டினான். சாவியைத் திருகுவது மாதிரி விரலைத் திருகினான். சாவி வேண்டுமாம் அவனுக்கு. நான் கதவுக்கு முதுகைக் கொடுத்து, பெட்டியைத் தூக்கி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கிட்டே வந்தால் அடிப்பேன் என்றேன். அவன் பெண்டாட்டி அவர்கள் வண்டியிலிருந்து ஓடி வந்து நின்று கையை உதறி உதறி ஏதோ சொன்னாள். இரண்டு பேர் என்று நினைத்தேன். ஒருத்தி பேச்சுக் கொடுப்பாள், ஒருத்தன் வேலையை முடிப்பான்.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று யாராவது கேட்டால் ஒரு நிமிஷம் என்பேன். ஹேசல் உள்ளே இருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கிழவன் கத்துவதை நிறுத்தினான். மெதுவாகப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், அதன் கீழ் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். அங்கே மட்டும் ஆவி படியாமல் ஒரு கையகலம் கண்ணாடி தெளிவாக இருந்தது. பெட்டியைக் கீழே விடாமல் குனிந்து பார்த்தேன். தரையில் சிவப்புக் கம்பளிக் காலுறை போட்ட ஒரு பாதம் கிடந்தது. அதை நான்தான் காலையில் மாட்டிவிட்டிருந்தேன்.

சாவி துளையில் இறங்கவில்லை. கிழவன் என் கையைப் பிடித்துத் திருகினான், கதவு திறந்தது. என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஏறினான். அப்போதும் நான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இழுத்தேன். அவன் உதறிவிட்டு முதலில் அடுப்பை அணைத்தான், ஹீட்டரை அணைத்தான், பிறகு அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். நான் காலைப் பிடித்தேன். உறைந்த புல்லில் கிடத்தினோம். அவன் தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டான்.

படுக்கையிலிருந்து எழுந்து கதவுக்கு வரப் பார்த்திருக்கிறாள். மேசைக் காலுக்கும் கட்டிலுக்கும் நடுவே விழுந்திருக்கிறாள். கதவு வெளியே பூட்டியிருந்தது.

அவள் வாய் மேல் காதை வைத்தேன். மூச்சு இருந்தது. இழுத்து இழுத்து வந்தது. எண்ண ஆரம்பித்தேன். நாலு வந்தது. ஐந்து வரவில்லை. நான் "ஹேசல்" என்றேன். வரவில்லை. கிழவன் அவள் நெஞ்சைத் தேய்த்தான். ஐந்து வந்தது. கிழவன் பெண்டாட்டி போன் செய்து கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரும்வரை நான் நூற்று எழுபது வரை எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான் செத்துப் பிழைத்தேன். அவ்வளவு பயத்திலும் என் கை ஒரு தடவை பர்ஸ் இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்தது. பர்ஸ் இருந்தது.

அந்த ஊரில் தீயணைப்புக்காரர்கள்தான் ஆம்புலன்ஸில் வருகிறார்கள். சிவப்பு வண்டி. முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒருத்தன் எங்கள் வண்டிக்குள் ஒரு சின்னக் கருவியை நீட்டினான். அது கத்திய கத்தலில் நாய் ஓடிவிட்டது. அவன் கூரைத் துளையிலிருந்து மஞ்சள் துண்டை உருவி எடுத்து, என்னைப் பார்த்தான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் பேசுகிற ஒரு டாக்டரம்மா என்னிடம் வந்தாள். என் மகள் வயதுகூட இருக்காது. என் விரலிலும் எதையோ மாட்டினாள்.

"வண்டிக்குள்ள என்ன எரிஞ்சுது?"

"ஒண்ணும் எரியல. வெளியிலேருந்து கேஸ் அடிச்சுட்டானுங்க."

"யாரு?"

"திருடனுங்க. இங்க அது வழக்கமாமே."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "எதுவும் திருட்டு போச்சா?"

"இல்ல."

"அடுப்பு எரிஞ்சுதா? ஹீட்டர்?"

"ரெண்டும்."

"காத்துத் துளை?"

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"ஐயா, அடுப்பு எரியுறதுக்குக் காத்து வேணும். காத்து இல்லாம எரிஞ்சா அதுலேருந்து வேற ஒரு விஷவாயு வரும். வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. அதுதான் உங்க மனைவி ரத்தத்துல இருக்கு. உங்க ரத்தத்துலயும் இருக்கு. நீங்க வெளிய போகாம அவங்க பக்கத்துலயே உக்காந்திருந்தா, ரெண்டு பேரையும் நாளைக்குத்தான் கண்டுபிடிச்சிருப்பாங்க. உங்களுக்குத் தலைவலி இருந்துச்சா?"

"ரெண்டு நாளா."

"வண்டி ஓடும்போது?"

இடுக்கியோடு பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு அவள் சொன்னது காதில் கேட்டது. நான் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

"பிழைச்சிடுவாளா?" என்று கேட்டேன்.

"ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரல். இப்ப சொல்ல முடியாது."

அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எந்த மெஷின் சத்தம் போட்டாலும் எழுந்து நின்றேன். ஒரு நர்ஸ் சூப் கொண்டுவந்து வைத்தாள். அதில் என்ன போட்டிருக்கிறார்களோ என்று குடிக்கவில்லை. பிறகு ஆறிப்போனதைக் குடித்தேன். பிரெஞ்சுக்காரன் ஒரு தடவை வந்தான். பெயர் ஃபெர்னான் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னான். என் வண்டிச் சாவியைக் கேட்டான். கொடுத்தேன். எதைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்றிருந்தது. அன்றுதான் என் வாழ்க்கையில் ஒருத்தனிடம் எதையும் யோசிக்காமல் கொடுத்தேன். நம்பிக் கொடுக்கவில்லை, அக்கறை இல்லாமல் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஹேசல் கண்ணைத் திறந்தாள். முகமூடிக்குள் ஏதோ சொன்னாள். குனிந்தேன்.

"டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு கண்ணு."

"யாரு எடுத்தா?"

"நீதான்."

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். சாயங்காலம் மறுபடி விழித்தபோது தெளிவாக இருந்தாள். நான் சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நான்தான் அடைச்சேன். கதவையும் நான்தான் பூட்டுனேன்."

"தெரியும்" என்றாள். "துண்டு என்னுதாச்சே." பிறகு, "எழுந்து வந்தேன்ப்பா. கைப்பிடி எங்க இருக்குன்னு ஞாபகம் வரல" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றேன் அவளிடம். நான் அவளைக் காப்பாற்றிக் கொண்டுபோகத் தகுதி இல்லாதவன் என்று எனக்குத் தோன்றியது.

"வீட்டுக்குப் போனா எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஜன்னலும் எதிர்ல கார் நிறுத்துற இடமும்தான். மழையில நனையுற காரப் பாத்துட்டே சாகணும். நான் வெயில்ல உக்காரணும். நீ ஓட்டு."

"பயமா இருக்கு ஹேசல்."

"எனக்கும்தான். ஓட்டு."

ஆறாம் நாள் விட்டார்கள். ஒரு சின்ன ஆக்ஸிஜன் பெட்டியும் கொடுத்தார்கள். அவள் வலக்கை நடுங்கியது. சில வார்த்தை வாய்க்கு வர மறுத்தது. கரண்டியைப் பார்த்து "அது, அது" என்றாள். போகப் போகச் சரியாகலாம் என்றாள் டாக்டரம்மா. ஆகலாம் என்றாள், ஆகும் என்று சொல்லவில்லை. இனி லாரியைத் தாண்ட அவளை நான் எட்டிப் பார்க்கச் சொல்லப் போவதில்லை. ஸ்பெயின் வரைக்கும் எவன் பின்னாலாவது ஊர்ந்தே போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

திடலுக்கு வந்தபோது ஃபெர்னான் எங்கள் வண்டிப் பக்கத்திலேயே தன் வண்டியை ஒட்டி நிறுத்தி வைத்திருந்தான். ஆறு நாளும் அவன் ஊருக்குப் போகவில்லை. மஞ்சள் துண்டு இரண்டையும் துவைத்து மடித்துப் படியில் வைத்திருந்தாள் அவன் பெண்டாட்டி. சுவரில் விஷவாயு வந்தால் கத்துகிற புது எச்சரிக்கைப் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தான். பச்சை விளக்கு மின்னியது. கூரைத் துளை இரண்டும் திறந்து வானம் தெரிந்தது. நான் உள்ளே போய் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லாம் இருந்தது.

ஹேசலை முன் சீட்டில் உட்கார வைத்தேன். அவள் இடுக்கியைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பெயர் அவளுக்கு வரவில்லை, ஆனால் எதற்கு என்று தெரிந்தது.

ஃபெர்னான் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். கைபேசியில் அவன் பாஷையில் பேசினான். அது இங்கிலீஷில் ஒரு பெண் குரலில் திருப்பிச் சொன்னது.

"நான் இருபத்தேழு வருஷமா இந்த ரோட்டுல போறேன். கேஸ் அடிச்சுத் திருடுனவன ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. கேஸ் அடி வாங்கின ஆளையும் பாத்ததில்ல. எல்லாரும் வேற யாருக்கோ நடந்ததாத்தான் சொல்றாங்க. அந்தத் திருடன் கிடையாது. தயவு செஞ்சு துளைய அடைக்காதீங்க."

நான் அவன் கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். நன்றி என்றேன், மன்னிக்க வேண்டும் என்றேன். கழிவுப் பெட்டியை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கைபேசி அதைச் சொன்னதும் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"துளைய இனிமே அடைக்க மாட்டேன்" என்றேன்.

"திருடனும் கிடையாது" என்றான் அவன் மறுபடி. விடுகிறவனாக இல்லை. தலையை ஆட்டச் சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பெண்டாட்டியின் உயிரைத் திருப்பிக் கொடுத்தவன். அவன் கேட்டால் நான் எதையும் செய்யக் கடமைப்பட்டவன். பொய்யை மட்டும் எப்படிச் சொல்வது?

"அப்ப அந்தம்மாவோட மோதிரம் எங்க போச்சு?" என்றேன்.

கைபேசி அதை என்னவென்று சொன்னதோ தெரியாது. அவன் தன் பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் தன் விரலைப் பார்த்தாள். நான் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தேன். பின்னால் அவன் இல்லை, இல்லை என்று அவன் பாஷையில் சொல்வது கேட்டது. அந்த ஒரு வார்த்தை இதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. இருக்கலாம். இருபத்தேழு வருஷத்தில் இவன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு எங்கே நிறுத்தினாலும் அந்தத் துளைகள் திறந்தே கிடக்கப் போகின்றன. அவற்றுக்குக் கீழே நான் கண் மூடாமல் படுத்து, ஒரு காதால் அவள் மூச்சையும் இன்னொரு காதால் கூரையையும் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன். வண்டியை ஒரு சுற்று சுற்றினேன். குனிந்து அடியில் பார்த்தேன். பிறகு ஏறி உட்கார்ந்தேன்.